ஆன்டாலஜியோடு விதிகளை இணைப்பது: ஒரு செம்பனை மரத்தை வைத்துப் பார்ப்போம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்பா மண்டோர், அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளர். செம்பனையில் (எண்ணெய்ப் பனை) அடி ஓலை மஞ்சளானால் மக்னீசியக் குறையா, கானோடெர்மா பூஞ்சையா (அடித்தண்டில் காளானாக வெளியே தெரியும்) என்று மரத்தைச் சுற்றி வந்தே சொல்லிவிடுவார். அந்த அறிவைக் கணினியில் ஏற்ற, வகைப்பாட்டுக்கு ஆவுல் (OWL) மொழியையும் முடிவெடுக்கப் புரோலாக் (Prolog) என்ற விதிமொழியையும் சேர்த்தேன். எது என்ன வகை, எதற்கு எதோடு தொடர்பு என்று ஆவுலில் எழுதிவைப்பதைத்தான் ஆன்டாலஜி என்கிறேன்.

1. ஆன்டாலஜி வரையும் மென்பொருளான புரோட்டெஜேயில் மரம், அறிகுறி, நோய் என்று வகைகளை வரையுங்கள். இலவசம்தான், வேறு எதையும் தேட வேண்டாம்.

2. ஹெர்மிட் ரீசனரை (எழுதியதிலிருந்து புதிய முடிவுகளைத் தானே கண்டுபிடிக்கும் நிரல்) ஓட்டி, அது கண்டுபிடித்ததையும் சேர்த்துப் புரோலாக் உண்மைகளாக எழுதிக்கொள்ளுங்கள். பைத்தானில் ஆவுலைக் கையாளும் அவுல்ரெடி2 நூலகம் இருந்தால் சில வரி வேலை.

3. விதி. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். முதலில் இப்படி எழுதினேன்:

மக்னீசியக்குறை(_ம) :- அடியோலை_மஞ்சள்(_ம), \+ காளான்(_ம).

(:- என்றால் "இவை உண்மையானால்", \+ என்றால் "இல்லையென்றால்". _ம என்பது எந்த மரத்துக்கும் பொருந்தும் மாறி. புரோலாக்கில் மாறி பெரிய எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும்; தமிழில் பெரிய எழுத்து கிடையாது, அதனால் மாறிக்கு முன் அடிக்கோடு கட்டாயம்.)

ஒரு மரத்துக்கு மக்னீசியக் குறை என்று வந்தது. கீசரைட் (மக்னீசிய உரம்) போடுவதற்கு முன் அப்பாவோடு போய்ப் பார்த்தேன். அடித்தண்டை மூடியிருந்த புல்லைக் கத்தியால் விலக்கினார். உள்ளங்கை அகலத்துக்குக் காளான், மேலே வார்னிஷ் அடித்த மாதிரி பழுப்பு, ஓரம் வெள்ளை. அந்த அடித்தண்டை யாரும் பார்த்ததே இல்லை, அதனால்தான் தரவில் காளான் இல்லை.

ஆவுலில் எழுதாதது "தெரியாது". புரோலாக்கில் நிரூபிக்க முடியாதது "இல்லை". ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது தெரியாததெல்லாம் சத்தமில்லாமல் இல்லையாகிவிடுகிறது. ஆகவே பார்த்தோமா என்பதையும் தனி உண்மையாகப் பதியுங்கள்:

மக்னீசியக்குறை(_ம) :- அடியோலை_மஞ்சள்(_ம), தண்டு_பார்த்தாயிற்று(_ம), \+ காளான்(_ம).
போய்ப்பார்(_ம) :- அடியோலை_மஞ்சள்(_ம), \+ தண்டு_பார்த்தாயிற்று(_ம).

இரண்டாவது விதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. காலையில் எந்தெந்த மரத்துக்குப் போக வேண்டும் என்று அப்பாவுக்குப் பட்டியலே கிடைத்துவிடுகிறது. எஸ்டபிள்யூஆர்எல் (SWRL, ஆவுலுக்கான விதிமொழி) விதிகளை ஆவுலோடு சேர்த்தே எழுதலாம்தான். ஆனால் இந்த "இல்லையென்றால்" அதில் கிடையாது, அதனால் நான் புரோலாக் பக்கம்தான்.

பின்சேர்க்கை: விரியாத குருத்து குறைந்தது மூன்று இருந்தால் சந்தேக மரம் என்று ஆவுலில் எழுதி, ஒரு மரத்துக்குக் கு1, கு2, கு3 என்று மூன்று குருத்து கொடுத்தும் ரீசனர் அசையவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். பெயர் வேறானால் பொருளும் வேறு என்று ஆவுல் எடுத்துக்கொள்ளாது. மூன்றும் ஒரே குருத்தாகவும் இருக்கலாம் என்று விட்டுவிடும். அவுல்ரெடி2இல் மூன்றையும் ஆல்டிஸ்ஜாயிண்ட்டுக்குள் (AllDisjoint, "இவை வெவ்வேறு" என்று சொல்வது) போட்டு மறுபடி ஓட்டுங்கள், எண்ணிவிடும்.