அரசு ஏலத்துக் கம்ப்யூட்டர்: சரிசெய்து விற்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

அரசு அலுவலகங்கள் கழித்துக்கட்டும் கம்ப்யூட்டர்களை ஏலத்தில் எடுத்து, சரிபார்த்து, படிக்கிற பிள்ளைகளுக்கும் ஊர் நூலகங்களுக்கும் குறைந்த விலையில் கொடுக்கலாம் என்று குமரி மாவட்டத்தில் சில இளைஞர் மன்றங்கள் யோசிப்பது நல்ல விஷயம். ஆனால் ‘சேவைதானே, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன’ என்ற நினைப்புதான் இதில் பலரைக் கவிழ்க்கிறது. கடைக்காரரிடம் சண்டை போட்டு மாற்றி வாங்குகிற ஆள்கூட, சேவைக்காரரிடம் வாங்கியது கெட்டுப்போனால் ஒன்றும் சொல்லாமல் மூலையில் போட்டுவிடுவார். அதனால் கண்டிப்பு நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

ஏலத்திலிருந்தே வருவோம். மத்திய அரசு அலுவலகங்களின் பழைய பொருட்கள், எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் தளத்திலும் அரசுக் கொள்முதல் தளமான ஜெம்மிலும் இணைய ஏலத்துக்கு வருகின்றன. ‘உள்ளது உள்ளபடி’ என்பதுதான் நிபந்தனை. பட்டியலில் நாற்பது சிபியு என்று இருக்கும். மூடியைக் கழற்றினால் பாதி சிபியுவில் ராம் என்கிற நினைவகப் பட்டை இருக்காது. பார்வையிட ஒதுக்கிய நாளில் போகாமல் நாகர்கோவிலில் உட்கார்ந்தபடியே விலை கேட்பது வீண் சூதாட்டம். மூடியைத் திறந்து காட்ட மறுத்தால் அதையும் கணக்கில் வைத்து விலையைக் குறையுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் மத்திய, மாநில அரசிடமோ உள்ளாட்சியிடமோ பழைய பொருள் வாங்கினால், ரிவர்ஸ் சார்ஜ் முறையில் அந்த வரியைப் பொருளை வாங்கியவரே அரசுக்குக் கட்ட வேண்டும். ஏலத்தொகையை மட்டும் பார்த்து விலை வைத்தவர்கள் அப்புறம் இதில்தான் முழிப்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டு ‘அழித்தாச்சு’ என்று நினைப்பது. சாதாரண குயிக் ஃபார்மட், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மட்டுமே அழிக்கிறது. கோப்புகள் அப்படியே கிடக்கும். சந்தேகம் இருந்தால் அப்படி ஃபார்மட் செய்த ஒரு டிஸ்க்கில் ஃபோட்டோரெக் என்ற, அழிந்த கோப்புகளை மீட்கும் இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். ஸ்கேன் செய்த ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பட்டா நகல், யாரோ ஒரு அம்மாவின் பாஸ்போர்ட் அளவுப் படம் என்று வரிசையாக எழுந்து வரும். அது அடுத்து யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. டிஸ்க் முழுவதையும் என்வைப் (nwipe) என்ற அழிப்பு மென்பொருள் போன்ற ஒன்றால் ஒருமுறை மேலெழுதிவிட வேண்டும். 500 ஜிபி டிஸ்க்குக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். இரவில் ஓடவிட்டுவிட்டுத் தூங்கலாம். சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்கான எஸ்.எஸ்.டி.யில் மேலெழுதினாலும் சில பகுதிகள் தப்பிவிடும். அதற்கு, டிஸ்க்கையே தன்னை அழித்துக்கொள்ள வைக்கும் செக்யூர் இரேஸ் கட்டளைதான் சரி. ஓடாத டிஸ்க்கைத் துளைபோட்டு நொறுக்குங்கள். ஏலத்தில் எடுத்த பொருட்களோடு பெரிய ஜெராக்ஸ் மெஷின் வந்தால் அதற்குள்ளும் ஹார்ட் டிஸ்க் இருக்கலாம், மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது நம் ஊர் உப்புக்காற்று. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து அலுவலகங்களில் ஓடிய மெஷின்களில் ஸ்க்ரூ துருவேறி, யுஎஸ்பி துளையில் பச்சை பூத்திருக்கும். போதாததற்கு இரண்டு பருவமழை. உள்ளே படிந்த தூசி உப்பும் ஈரமுமாகச் சேர்ந்து மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். வந்ததும் பிளக்கைச் சொருகி ‘ஓடுதா’ என்று பார்க்கிற ஆர்வத்தில் நல்ல மதர்போர்டும் போய்விடும். முதலில் ப்ளோயர், விசிறி இதழை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். பிறகு ராம் முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, மதர்போர்டில் சின்ன உருளையாக நிற்கும் கெபாசிட்டர் எதுவும் மேல்பக்கம் உப்பியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கரண்ட். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை சுவிட்சில் கரண்டை நிறுத்தும்போதும் தேதி பின்னால் போய்விடும். பிரவுசர் எந்தத் தளத்தையும் நம்பாமல் எச்சரிக்கை காட்டும். ‘நெட் வரல’ என்று வருகிற புகாரில் சிலவற்றுக்குக் காரணம் இந்தச் சின்ன பட்டன்தான்.

திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுக்காதீர்கள். அலுவலகம் பல மெஷின்களுக்குச் சேர்த்து வாங்கிய விண்டோஸ் மொத்த உரிமம் மெஷினோடு வராது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. 2018-க்கு முந்தைய பெரும்பாலான மெஷின்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் அல்லது மத்திய அரசின் சி-டாக் அமைப்பு தரும் பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால் 4 ஜிபி ராமில் ஓடும். ஆனால் விண்டோஸில் ஓடும் டேலி கணக்கு மென்பொருள் படிக்கிற காமர்ஸ் மாணவிக்கு லினக்ஸ் மெஷினைத் தள்ளிவிட்டால் அவருக்கு என்ன பயன்? எதற்கு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். விளவங்கோடு பக்கம் போகிற மெஷினில் தமிழோடு மலையாள விசைப்பலகையையும் சேர்த்துவிட்டால் சந்தோஷப்படுவார்கள்.

அரசு பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்பை யாராவது விற்கக் கொண்டுவந்தால் வாங்கவே கூடாது. அது ஏலப்பொருள் இல்லை.

மிஞ்சும் போர்டு, பழைய குண்டு மானிட்டர், யுபிஎஸ் பேட்டரி எல்லாவற்றையும் ஆக்கர் (பழைய சாமான்) கடையில் எடைக்குப் போடுவது வழக்கமாகிவிட்டது. குண்டு மானிட்டர் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, புதுப்பித்து விற்பவர்களும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் பதிய வேண்டும். கழிவு, பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். மன்றத்தின் பெயரில் பதிவு எடுப்பது சிரமமென்றால், ஏற்கெனவே பதிவு உள்ள ஒருவரோடு சேர்ந்து செய்யலாம்.

கொடுக்கும்போது பில்லில் மாடல், சீரியல் எண், ராம், டிஸ்க் அளவு, எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். இலவசமாகக் கொடுத்தாலும் அப்படித்தான்.