அமெரிக்கப் படையிலிருந்து ஒழுங்கீனக் குறிப்போடு விடுவிக்கப்பட்டவர் அதைத் திருத்தக் கோரும் முறை

அமெரிக்கப் படைகளின் முழுநேரப் பணியிலிருந்து வெளிவருபவருக்கு டிடி 214 என்ற படிவம் கொடுக்கப்படுகிறது. அதன் 24ஆம் கட்டத்தில் பணியின் தன்மையும், 28ஆம் கட்டத்தில் விடுவிப்புக்கான காரணமும், இடைப்பட்ட கட்டங்களில் சட்ட ஆதாரம், விடுவிப்பு வகைக் குறியீடு, மீண்டும் படையில் சேரும் தகுதிக்கான குறியீடு ஆகியவையும் அச்சிடப்பட்டிருக்கும். காரணக் கட்டத்தில் ‘ஒழுங்கீனம்’ என்று விழுந்துவிட்டால், போர்முனையில் கழித்த ஆண்டுகள்கூட அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. அதை மாற்றக் கோருவதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வழியில் எப்படி நடப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விலக்கிவிட வேண்டும். விடுவிக்கப்பட்டு ஆறு மாதம் கழிந்தால் குறிப்பு தானாகவே உயர்ந்துவிடும் என்று படைமுகாம்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். வெளியேறும் தாளில் கையெழுத்திடச் சொல்லும் மேலதிகாரிகளே இதைச் சொன்னதாக முன்னாள் வீரர்கள் பலர் கூறுவதுண்டு. அப்படி எந்த விதியும் இல்லை. மனுக் கொடுக்காதவரின் தாள் ஐம்பது ஆண்டு கழித்தும் அப்படியேதான் இருக்கும்.

விடுவிப்பில் பல தரங்கள் உண்டு. மேலே இருப்பது ‘ஹானரபிள்’ எனப்படும் நன்மதிப்பு விடுவிப்பு. அதற்கு அடுத்தது ‘ஜெனரல்’ எனப்படும் பொது விடுவிப்பு. மூன்றாவது ‘அதர் தேன் ஹானரபிள்’, அதாவது நன்மதிப்புக்குப் புறம்பானது. இம்மூன்றையும் நீதிமன்ற விசாரணை இல்லாமல் நிர்வாக ஆணையாலேயே கொடுத்துவிடலாம். அதற்கும் கீழே உள்ள தீநடத்தை விடுவிப்பும் அவமதிப்பு விடுவிப்பும் ராணுவ நீதிமன்றத்தின் தண்டனையாக மட்டுமே வரும். பொது விடுவிப்புப் பெற்றவருக்கு முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவ உதவியும் ஊன உதவித்தொகையும் கிடைக்கக்கூடும், ஆனால் ஜி.ஐ. பில் கல்வி உதவி நன்மதிப்பு விடுவிப்பு உள்ளவர்களுக்கே உரியது. மூன்றாம் தரத்தில் இருப்பவருக்கு எல்லாமே கேள்விக்குறிதான்.

தமிழர்களில் சிலருக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2009இல் தொடங்கி, 2016இல் புதிய சேர்க்கை நிறுத்தப்பட்ட மாவ்னி என்ற திட்டம், குறிப்பிட்ட சில மொழிகளைப் பேசும் வெளிநாட்டவரைப் படையில் சேர்த்து விரைவில் குடியுரிமை வழங்கியது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் சிங்களமும் இருந்தன. அவ்வழியே குடியுரிமை பெற்ற ஒருவர், மொத்தம் ஐந்தாண்டு நன்மதிப்புப் பணியை முடிக்குமுன் நன்மதிப்புக்குப் புறம்பான நிலையில் விடுவிக்கப்பட்டால், அந்தக் குடியுரிமையையே திரும்பப் பெறச் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்நிலையில் இருப்பவர் படைச்சட்டம் அறிந்தவரோடு குடிவரவுச் சட்டம் அறிந்த வழக்கறிஞரையும் பார்க்காமல் எந்தத் தாளையும் அனுப்பக் கூடாது.

எந்த வாரியத்துக்கு எழுதுவது

மனுவை ஏற்கும் இடங்கள் முதன்மையாக இரண்டு. விடுவிப்பு மறுஆய்வு வாரியத்துக்கு டிடி 293 படிவத்தில் எழுத வேண்டும். விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் அது போய்ச் சேர வேண்டும். பொது ராணுவ நீதிமன்றம் விதித்த விடுவிப்பை இந்த வாரியம் தொடவே முடியாது. சிறப்பு ராணுவ நீதிமன்றம் விதித்ததைக் கருணை அடிப்படையில் மட்டும் பார்க்கும். 15 ஆண்டு கடந்தவர்களும், இந்த வாரியத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட நிவாரணம் கேட்பவர்களும், எடுத்துக்காட்டாக ஒழுங்கீன விடுவிப்பை மருத்துவ ஓய்வாக மாற்றக் கோருபவர்களும், டிடி 149 படிவத்தில் படை ஆவணத் திருத்த வாரியத்தை அணுக வேண்டும். அங்கே பிழையோ அநீதியோ தெரியவந்த நாளிலிருந்து மூன்றாண்டு என்று கெடு இருந்தாலும், நீதியின் நலன் கருதி அதைத் தளர்த்தும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. கெடு கடந்துவிட்டதே என்று சோர்ந்து விட்டுவிடாமல், ஏன் தாமதமாயிற்று என்பதை ஒரு பத்தியில் விளக்கி மனுவோடு சேர்க்க வேண்டும்.

15 ஆண்டுக்குள் இருப்பவர் முதல் வாரியத்தையே முதலில் நாட வேண்டும். அங்கே இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன: ஆவணங்களை மட்டும் வைத்து ஆய்வு செய்யச் சொல்லலாம், அது தோற்றால் நேரில் தோன்றி வாதிடவும் கேட்கலாம். நேர்விசாரணையை முதலிலேயே கேட்டுவிட்டவருக்கு ஆவண ஆய்வு என்ற வாய்ப்பு பிறகு கிடைக்காது. இந்த வரிசையை அறியாமல் ஒரு வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு. 2019 டிசம்பர் 20 அன்றோ அதற்குப் பின்னோ விடுவிக்கப்பட்டவர்களுக்கு, இரண்டு வாரியங்களும் மறுத்த பிறகு போக மேல்முறையீட்டு வாரியம் ஒன்றும் இருக்கிறது.

ஆவணம் வருமுன் மனு வேண்டாம்

மனு எழுதத் தொடங்குமுன் தன்னைப் பற்றிய கோப்பு முழுவதையும் கையில் வாங்கிவிட வேண்டும். எஸ்.எஃப். 180 என்ற படிவத்தின் மூலம் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்திடம் பணிக்கோப்பையும் மருத்துவக் கோப்பையும் கேட்கலாம். 1973 ஜூலையில் அங்கு ஏற்பட்ட தீயில், 1912க்கும் 1960க்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்துபோயின. அக்காலத்தவர்கள் பழைய கடிதங்கள், மருத்துவமனைச் சீட்டுகள், உடன் பணியாற்றியோரின் வாக்குமூலங்கள் ஆகியவற்றைக் கொண்டே கோப்பை மீண்டும் கட்ட வேண்டியிருக்கும். குற்றப் புலனாய்வு நடந்திருந்தால் அதன் அறிக்கை தனிக் கோப்பில் இருக்கும். அதைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். வாரிய உறுப்பினர்கள் மனுதாரரைப் பார்த்ததில்லை, அவர்கள் கையில் இருப்பது அந்தத் தாள்கள் மட்டுமே.

கோப்பு வந்ததும் தேட வேண்டியது நடைமுறைப் பிழைகளை. நன்மதிப்புக்குப் புறம்பான விடுவிப்பை நிர்வாக வழியில் கொடுக்க நினைத்தால், வீரருக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் நிர்வாக வாரியத்தின் முன் விசாரணை கேட்கவும் வாய்ப்பளிக்க வேண்டும். பலர் அந்த உரிமையைக் கைவிடும் தாளில் படிக்காமலே கையெழுத்திட்டிருப்பார்கள். ராணுவ நீதிமன்ற வழக்கைத் தவிர்ப்பதற்காக தரைப்படை விதியின் பத்தாம் அத்தியாயமான ‘சாப்டர் 10’ வழியில் தாமே வெளியேறச் சம்மதித்தவர்களும் உண்டு. அந்தத் தாளில் தேதி, சாட்சிக் கையெழுத்து, ஆலோசனை வழங்கிய வழக்கறிஞரின் பெயர் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். போதைப்பொருள் வழக்கானால், சிறுநீர்ப் பரிசோதனை எதற்காக எடுக்கப்பட்டது என்ற குறியீட்டைக் கவனிக்க வேண்டும். சிகிச்சைக்காக எடுத்த மாதிரியை விடுவிப்பின் தரத்தை நிர்ணயிக்கப் பயன்படுத்தியிருந்தால், தரைப்படை விதிப்படி நன்மதிப்பு விடுவிப்புதான் கொடுத்திருக்க வேண்டும். போர்முனைக்குச் சென்று திரும்பிய 24 மாதத்துக்குள் நன்மதிப்பு அல்லாத நிலையில் விடுவிக்கப்பட்டவருக்குப் பி.டி.எஸ்.டி. எனப்படும் பேரதிர்ச்சி மனநோயோ மூளைக் காயமோ இருப்பதாக அறியப்பட்டிருந்தாலும், அவர் அப்படிச் சொல்லியிருந்தாலும், விடுவிக்குமுன் அதற்கான மருத்துவப் பரிசோதனை செய்திருக்க வேண்டும் என்பது 2009இல் வந்த சட்டம். அந்தப் பரிசோதனை கோப்பில் இல்லையென்றால் அதுவே வலுவான வாதம்.

காரணத்தைச் சம்பவத்தோடு கோத்தல்

நடைமுறைப் பிழை எதுவும் அகப்படாவிட்டாலும் மனு செத்துவிடுவதில்லை. அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2011 முதல் 2015 வரையிலான நிதியாண்டுகளில் ஒழுங்கீனத்துக்காக விடுவிக்கப்பட்ட 91,764 பேரில் 62 விழுக்காட்டினருக்கு, விடுவிப்புக்கு முந்தைய இரண்டாண்டுக்குள் பேரதிர்ச்சி மனநோய், மூளைக் காயம் அல்லது நடத்தையோடு தொடர்புபடக்கூடிய வேறு சில நிலைகள் இருப்பதாக மருத்துவர்கள் பதிவு செய்திருந்தனர். பாதுகாப்புத் துறை 2014இல் அப்போதைய பாதுகாப்புச் செயலர் ஹேகல் பெயரிலும் 2017இல் துறையின் உயரதிகாரி கர்ட்டா பெயரிலும் வெளியிட்ட குறிப்பாணைகள், இப்படிப்பட்ட மனுக்களைத் தாராள மனத்தோடு பரிசீலிக்க வேண்டும் என்று வாரியங்களுக்குக் கட்டளையிடுகின்றன. பாலியல் வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளானவர்களுக்கும் இது பொருந்தும்.

கர்ட்டா குறிப்பாணை வாரியத்தை நான்கு கேள்விகள் கேட்கச் சொல்கிறது: குற்றத்தை மன்னிக்கத்தக்கதாக்கும் நோயோ அனுபவமோ மனுதாரருக்கு உண்டா, அது பணிக்காலத்தில் இருந்ததா, அது உண்மையிலேயே அந்தக் குற்றத்தின் கடுமையைக் குறைக்கிறதா, குறைப்பது விடுவிப்புக் காரணத்தைவிடக் கனமானதா. மனு இந்த நான்குக்கும் இதே வரிசையில் விடை சொல்ல வேண்டும். பெரும்பாலான மனுக்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கு மருத்துவச் சான்றுகளைக் குவித்துவிட்டு மூன்றாவதில் சறுக்குகின்றன என்பது என் கருத்து. நோய் இருந்தது என்பது வேறு, அந்த நோயால்தான் அன்று அது நடந்தது என்பது வேறு. தூக்கமின்மையைத் தணிக்கக் கஞ்சா புகைத்ததையும், கூட்டத்தைக் கண்டு அஞ்சி அணிவகுப்புக்கு வராமல் இருந்ததையும் நோயோடு இணைப்பது எளிது. திட்டமிட்டுப் பணம் திருடியதை அப்படி இணைப்பது கடினம். முன்கூட்டித் திட்டமிட்ட குற்றத்தை மனநோய் பொதுவாக மன்னிக்கச் செய்யாது என்று அதே குறிப்பாணை சொல்கிறது. இன்று சிகிச்சை தரும் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் கடிதமும் நோயின் பெயரோடு நின்றுவிடாமல், அதன் எந்த அறிகுறி எந்த நடத்தையாக வெளிப்பட்டது என்று சொல்ல வேண்டும். அவர் பணிக்கோப்பைப் படித்துவிட்டு எழுதினால் அதன் எடை கூடும்.

அக்காலத்து மருத்துவப் பதிவு இல்லாதவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. நோயோ அனுபவமோ இருந்தது என்பதை நிறுவ மனுதாரரின் சொந்த வாக்குமூலமே போதுமானதாகலாம் என்று குறிப்பாணை கூறுகிறது. மனைவியின் கடிதம், அறைத்தோழரின் சாட்சியம், அதுவரை நன்றாக இருந்த மதிப்பீட்டு அறிக்கை திடீரென்று சரிந்த மாதம் ஆகியவையும் சான்றுகளே.

வாக்குமூலத்தை எழுதும் விதம்

“வயது போதாமல் தவறு செய்துவிட்டேன், என் வாழ்க்கை பாழாகிவிட்டது” என்று எழுதுவதால் வாரியத்துக்கு எதுவும் தெரிவதில்லை. அதே மனிதர் இப்படி எழுதலாம்: “மார்ச் மாதம் கந்தகாரிலிருந்து திரும்பினேன். மே முதல் இரவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. ஜூன் மாதம் முகாம் மருத்துவரிடம் சொன்னேன். அந்தச் சீட்டு இணைப்பு 4. ஜூலையில் முதல் முறையாகக் கஞ்சா புகைத்தேன். ஆகஸ்ட் பரிசோதனையில் அகப்பட்டேன். அதற்கு முன் மூன்றாண்டில் என் மீது ஒரு தண்டனையும் இல்லை. மதிப்பீடுகள் இணைப்பு 6.” இரண்டாவதில் அழுகை இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு தாள் நிற்கிறது. நடந்ததை மறைக்கக் கூடாது. மறைத்தது கோப்பில் வேறு பக்கத்தில் இருக்கும், அதைக் கண்ட கணத்தில் மற்ற வரிகளின் மீதும் ஐயம் விழும்.

மனநோயைக் காரணம் காட்டாதவர்களுக்கு 2018இல் அதே துறையின் உயரதிகாரி வில்கி பெயரில் வந்த குறிப்பாணை கைகொடுக்கும். குற்றம் நடந்து எவ்வளவு காலமாயிற்று, பொறுப்பை ஏற்றாரா, அதன்பின் எப்படி வாழ்ந்தார், இன்றைய விதிப்படி அதே குற்றத்துக்கு இவ்வளவு கடுமை காட்டப்படுமா என்பவற்றை வாரியம் எடைபோட அது வழி செய்கிறது. வன்முறை கலந்த குற்றங்களுக்கு இந்தக் கருணை எளிதில் கிடைப்பதில்லை. இங்கேதான் பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும், எண்ணிக்கை முக்கியமல்ல. விடுவிப்புக் காரணத்தை அறிந்துகொண்டே எழுதும் ஒரு மேலாளரின் கடிதம், அது தெரியாமல் ‘நல்லவர், வல்லவர்’ என்று எழுதும் பத்துப் பேருடைய கடிதங்களுக்கு மேல்.

படிவத்தில் எதைக் கேட்கிறோம் என்பதையும் முழுமையாக எழுத வேண்டும். தரத்தை மட்டும் உயர்த்தக் கேட்டால், 24ஆம் கட்டம் மாறி, 28ஆம் கட்டத்தில் ஒழுங்கீனம் என்ற சொல் அப்படியே நிற்கும் தாள் கைக்கு வரலாம். தரம், காரணம், குறியீடுகள் அனைத்தையும் பெயர் சொல்லிக் கேட்பதில் நட்டமில்லை.

உதவியும் காத்திருப்பும்

மனுவுக்குக் கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமுமில்லை. அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் வீரர் அமைப்புகளும் சட்டக் கல்லூரிகளின் உதவி மையங்களும் இலவசமாக வழிகாட்டுகின்றன. உறுதியாக வாங்கித் தருகிறேன் என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடம் போக வேண்டாம். வாரியத்தின் முடிவை எவராலும் உறுதியளிக்க முடியாது. வாரியங்களின் பழைய முடிவுகள், பெயர்கள் நீக்கப்பட்டு, இணையத்தில் பொதுவில் கிடைக்கின்றன. தம்முடையதைப் போன்ற வழக்குகள் எந்த வாதத்தில் வென்றன, எதில் தோற்றன என்று இரண்டு மாலை உட்கார்ந்து படிப்பது பெரும் பயன் தரும்.

திருத்த வாரியம் ஒரு மனுவை 18 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதுவரை கைகட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. முன்னாள் படைவீரர் நலத்துறை, படையின் தாளுக்குக் கட்டுப்படாமல், விடுவிப்பின் தன்மையைத் தன் தேவைக்காகத் தானே தீர்மானிக்கும் வழி ஒன்று இருக்கிறது. மூன்றாம் தரத்தில் விடுவிக்கப்பட்டவரும் அங்கே விண்ணப்பித்து, மருத்துவ உதவியைப் பெற முயலலாம். அந்தத் தீர்மானம் டிடி 214ஐ மாற்றாது என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்துவதே சரி.

முடிவு சாதகமாக வந்தால் புதிய டிடி 214 வரும்; ஒவ்வொரு கட்டத்தையும் ஆணையோடு ஒப்பிட்டுப் பார்த்து, எழுத்துப்பிழை இருந்தால் உடனே எழுதித் தெரிவிக்க வேண்டும். பாதகமாக வந்தால், மறுத்ததற்கான காரணங்களை அந்த ஆணை வரிசையாகச் சொல்லும். அவற்றுக்கு விடையாகும் புதிய சான்று கிடைத்தால் திருத்த வாரியத்திடம் மறுபரிசீலனை கேட்கலாம்; சட்டப்பிழை என்று தோன்றினால் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிமன்ற வழிக்குப் பொதுவாக ஆறாண்டுக் கெடு உண்டு என்பதால், மறுப்பு ஆணை வந்த உறையை அதன் அஞ்சல் முத்திரைத் தேதியோடு பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.