வண்டியில் தொடங்காதீர்கள்: ஒரு சிறிய ஊரின் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் வரலாற்றை எழுதும் முறை

ஊர்த் தீயணைப்புப் படைக்கு வரலாறு எழுத உட்கார்ந்தால் கை தானாகவே வண்டிப் படங்களைத் தேடிப் போகும். சிவப்பு வண்டி, அதன் முன்னால் வரிசையாக ஆட்கள், கீழே ஒரு வருஷம். இப்படித் தொகுத்த புத்தகங்களில் எந்த வண்டி எப்போது வந்தது என்பது தெளிவாக இருக்கும். நடுராத்திரி அழைப்புக்கு யார் எழுந்து ஓடினார்கள் என்பது இருக்காது. நான் ஆம்புலன்ஸில் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து பல வருஷம் போனவன். எங்கள் நிலையத்தின் வரலாற்றைத் தொகுக்கும் வேலை என்னிடம் வந்தபோது முதலில் எடுத்தது அழைப்புப் பதிவேட்டைத்தான். நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள்.

தேதி, அபாயச் சங்கு ஊதிய நேரம், இடம், வந்தவர்கள் பெயர், திரும்பிய நேரம். பெரும்பாலும் பதிவேட்டில் இவ்வளவுதான் இருக்கும். அதை வரி விடாமல் எக்செலில் ஏற்றுங்கள். குப்பைமேட்டுத் தீயையும் பொய் அழைப்பையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே தீ, விபத்து, உடல்நலக்குறைவு என்று ஒரு குறி போடுங்கள். பிறகு வருஷவாரியாகக் கூட்டிப் பார்த்தால், உடல்நல அழைப்புகள் தீ அழைப்புகளைத் தாண்டிய வருஷம் எது என்று தெரியும். உங்கள் வரலாற்றை இரண்டு பாகமாகப் பிரிக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் எண்ணம். புது வண்டி வந்த நாளோ கட்டடத் திறப்பு விழாவோ படையின் வேலையை அந்த அளவுக்கு மாற்றுவதில்லை.

அந்த மாற்றத்துக்குப் பின்னணியும் எழுத வேண்டும். அமெரிக்காவின் பல ஊர்களில் 1960கள் வரை ஈமச்சடங்கு நிறுவனங்களே ஆம்புலன்ஸ் ஓட்டின. ஆளை நீட்டிப் படுக்க வைக்கிற மாதிரி வண்டி அவர்களிடம்தான் இருந்தது. வழியில் உயிரைக் காப்பாற்றத் தெரிந்தவர் வண்டிக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த நிலையை அந்நாட்டு அறிவியல் அகாதெமி 1966-இல் வெளியிட்ட அறிக்கை வெட்டவெளிச்சமாக்கியது. அதன் பிறகுதான் பயிற்சிக்கும் வண்டிக்கும் தர விதிகள் வந்தன. அதே 1966-இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் மருத்துவர் ஃபிராங்க் பாண்ட்ரிட்ஜின் குழு, தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டரை ஆம்புலன்ஸிலேயே ஏற்றிக்கொண்டு நோயாளியைத் தேடிப் போனது. கார் பேட்டரியில் ஓடிய அந்தக் கருவியின் எடை சுமார் 70 கிலோ. உங்கள் நிலையத்துக்கு அந்தக் கருவி எப்போது வந்தது, முதலில் பயிற்சி எடுத்தவர் யார் என்று கணக்குப் புத்தகத்திலும் தீர்மானப் புத்தகத்திலும் தேடுங்கள். டயர், பேட்டரி, ஸ்ட்ரெச்சர் வாங்கிய ரசீதுகள்கூட ஒரு வருஷத்தை உறுதிசெய்ய உதவும்.

அப்புறம்தான் படங்கள். தேதி இல்லாத படத்தில் முகங்களை விட்டுவிட்டு, வண்டிக் கதவில் எழுதியிருக்கும் தொலைபேசி எண்ணைப் பாருங்கள். லண்டனில் 999 என்ற அவசர உதவி எண் அறிமுகமானது 1937-இல். அமெரிக்காவில் 911-க்கு முதல் அழைப்பு 1968-இல் அலபாமாவின் ஹேலிவில் என்ற சிறிய ஊரில் போனது. மூன்று இலக்க எண் உங்கள் ஊருக்கு வந்த வருஷம் தெரிந்தால், படங்களை அதற்கு முன், பின் என்று பிரித்துவிடலாம். கட்டடத்தையும் கவனியுங்கள். பழைய நிலையங்களில் ஒல்லியாக ஒரு கோபுரம் நிற்கும். தண்ணீர் பீய்ச்சும் பருத்திக் குழாயான ஹோஸை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உளுத்துப்போகும் என்பதால், தீயை அணைத்துவிட்டு வந்ததும் நீளவாக்கில் தொங்கவிட்டுக் காயவைத்த இடம் அது. செயற்கை இழை ஹோஸ் வந்ததும் அதன் தேவை குறைந்தது. உங்கள் நிலையத்தில் கோபுரம் இடிக்கப்பட்டிருந்தால், எப்போது, ஏன் என்று கேட்டுவையுங்கள்.

தொடங்கிய வருஷம் பற்றி நிச்சயம் சண்டை வரும். முதல் கூட்டம் நடந்த தேதி, முதல் பம்ப் வந்த தேதி, பதிவு செய்த தேதி மூன்றும் வேறுவேறாக இருக்கும். மூன்றையும் எழுதிவிடுங்கள்.

பெரியவர்களிடம் பேசும் வேலைக்குத்தான் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும். “அந்தப் பெரிய தீ பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால், பல தடவை சொல்லிச் சொல்லிப் பழகிய கதைதான் வரும். சங்கு ஊதும்போது எங்கே இருந்தீர்கள், வண்டியை எடுத்தது யார், ஹோஸின் முனையை யார் பிடித்தார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பழைய ஹெல்மெட்டோ முனைக்குழாயோ கையில் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். பேச்சே மாறிவிடும்.

இதில் பலர் தவறவிடும் ஆட்கள் உண்டு. தன்னார்வப் படைகள் பலவற்றில் அவசரத் தொலைபேசி யாராவது ஒருவர் வீட்டில்தான் இருந்தது. அதை எடுத்தது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். நான் சந்தித்த ஒரு அம்மா, தொலைபேசி இருந்த சுவரைக் காட்டினார். பென்சிலைச் சரட்டில் கட்டி ஆணியில் தொங்கவிட்டிருந்தாராம், பிள்ளைகள் எடுத்துப் போய்விடக் கூடாதென்று. முகவரியை எழுதி, சங்கின் பொத்தானை அழுத்தி, ஓடி வருகிறவர்களுக்கு வாசலிலேயே வழி சொல்லி அனுப்புவார். திரும்பி வரும்வரை தூங்க மாட்டார். வீட்டை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் பதிலுக்கு ஆள் உட்கார வேண்டும். பதிவேட்டில் கணவர் பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. அந்த அம்மாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. உங்கள் ஊரிலும் இப்படிப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களைத் தேடிப்பிடித்து, படை உறுப்பினர் பட்டியலிலேயே பெயரைச் சேருங்கள், தனியாக “நன்றி” பக்கத்தில் ஒதுக்காதீர்கள்.

ஆம்புலன்ஸ் பதிவேட்டில் உள்ள நோயாளிகளின் பெயர், வீடு, நோய் எதையும் அச்சில் கொண்டுவரக் கூடாது. எண்ணிக்கையை மட்டும் எடுங்கள். உயிரிழப்பு நடந்த சம்பவத்தை எழுதுவதென்றால், குடும்பத்தாரிடம் நேரில் போய்ப் பேசிவிட்டு எழுதுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பழைய பக்கங்களில் செலோ டேப் ஒட்டாதீர்கள், பேனாவால் குறி போடாதீர்கள், பென்சில் போதும். ஸ்கேன் செய்த கோப்புகளுக்கு வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் வைத்தால் தேடுவது எளிது. ஒரு பிரதி நிலையத்தில், ஒன்று நூலகத்தில், இன்னொன்று ஊருக்கு வெளியே ஓர் ஆவணக் காப்பகத்தில் இருக்கட்டும். தீயணைப்பு நிலையங்களும் எரிந்திருக்கின்றன.