சிவனொளிபாதமலையில் விடியல், மகாஓயாவில் வெந்நீர்: முதல் தடவை போகிறவர்களுக்கு

பாலித் தீவில் பத்தூர் என்று ஓர் எரிமலை இருக்கிறது, 1,717 மீற்றர் உயரம். நடுச்சாமத்துக்குப் பிறகு வழிகாட்டி ஒருவரோடு டோர்ச் அடித்துக்கொண்டு ஏறி, உச்சியில் விடியலைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, அடிவாரத்து ஏரிக்கரையில் வெந்நீர்க் குளத்தில் உடம்பை ஊறவைத்துவிட்டுப் போவார்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நம்ம பிள்ளைகள் நிறையப் பேர், இங்கே அப்படி ஒன்று செய்ய முடியாதா என்று கேட்கிறார்கள். தாராளமாக முடியும். இலங்கையில் எரிமலை கிடையாது. ஆனால் விடியலுக்கு ஏற நமக்கு 2,243 மீற்றரில் சிவனொளிபாதமலை இருக்கிறது, தரைக்கடியிலிருந்து சூடாகவே வரும் தண்ணீரும் இருக்கிறது. பத்தூரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். நமக்கு மலை மஸ்கெலியா பக்கம், வெந்நீர் அம்பாறை மாவட்டத்து மகாஓயாவில். அதனால் இதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், நடுவில் ஓர் இரவு நன்றாகத் தூங்க வேண்டும். அந்த இரவு வீண் இல்லை, அதுதான் இந்தப் பயணத்துக்கு நல்லது. ஏன் என்று இறக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

எந்த மாதம், எந்த நாள்

மலைக்குரிய பருவம் டிசெம்பர் மாதப் பௌர்ணமியான உந்துவப் போயாவில் தொடங்கி மே மாதப் பௌர்ணமியான வெசாக்கில் முடியும். அந்த மாதங்களில் வழி முழுக்க விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும், ராத்திரி முழுக்க ஆள் நடமாட்டம் இருக்கும். முதல் தடவை போகிறவர் இந்தப் பருவத்தில்தான் போக வேண்டும், அதிலும் ஜனவரி பிற்பாதியிலிருந்து மார்ச் வரை வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மாதத்தைவிட நாள் முக்கியம். போயா இரவு, சனி ஞாயிறு, நீண்ட விடுமுறை, இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். அந்த இரவுகளில் கடைசிப் படிகளில் வரிசை நகரவே நகராது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்களுக்கு நடுவே நீங்களும் நின்று, சூரியன் வருவதைப் படிக்கட்டிலிருந்தே பார்க்க வேண்டியதுதான். கும்பிடப் போகிறவர்களுக்குப் போயாவின் புண்ணியம் வேறு, அவர்கள் போகட்டும். விடியலைப் பார்க்க வேண்டுமென்றால் செவ்வாய், புதன் மாதிரி ஒரு வாரநாள்.

வழிகாட்டி வேண்டுமா?

பருவ காலத்தில் மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணி வழியாக ஏறினால் பாதை தவறவே முடியாது. ஆனாலும் முன்பே ஏறிய ஒருவர் கூட இருப்பது பெரிய பலம். சிங்களவர்கள் கூட்டமாகப் போகும்போது நடேகுரா என்று ஒருவரை முன்னால் விடுவார்கள், அனுபவமுள்ள மூத்தவர், எங்கே நிற்பது எங்கே கும்பிடுவது எல்லாம் அவர் சொன்னபடிதான். அந்த வழக்கத்தில் நல்ல புத்தி இருக்கிறது. உங்கள் கூட்டத்திலும் ஒருவரை அப்படி வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: கூட்டத்தில் மெதுவாக ஏறுகிறவர் யாரோ, அவர் வேகத்துக்கு எல்லாரையும் இழுத்துப் பிடிப்பது.

ஜூன் முதல் நவம்பர் வரை கதை வேறு. விளக்கு இல்லை, கடை இல்லை, மூடுபனி, அட்டை, மழை கொட்டினால் பாதையில் குறுக்கே ஓடும் நீர். அப்போது நல்லதண்ணியில் பிறந்து வளர்ந்த ஓர் ஆள் இல்லாமல் காலை எடுத்து வைக்காதீர்கள். தங்கும் இடத்தில் கேட்டால் தோட்டத்துத் தம்பிமார் யாரையாவது சொல்வார்கள். பேசும்போதே மூன்று விஷயம் கேளுங்கள்: கடைசியாக எப்போது ஏறினீர்கள், மழை வந்தால் எந்த இடத்தில் திரும்புவோம், கூலி மொத்தமாக எவ்வளவு. இரண்டாவது கேள்விக்கு, திரும்பத் தேவையே வராது என்று பதில் சொல்கிறவரை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள்.

உடம்பைப் பழக்குவது

நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஐயாயிரத்துக்கு மேல் படிகள், ஏறும் உயரம் ஏறக்குறைய ஆயிரம் மீற்றர். தினமும் மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை, கொழும்பில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குப் பெரிய விஷயம். மூன்று வாரத்துக்கு முன்பே ஒருநாள் விட்டு ஒருநாள் படி ஏறி இறங்குங்கள். எல்லாரும் ஏறப் பழகுகிறார்கள், இறங்கும்போது லிப்டில் வருகிறார்கள். இறங்கித்தான் பழக வேண்டும், வலி அங்கேதான் இருக்கிறது. முழங்கால் தேய்மானம், இதய வருத்தம், கட்டுப்படாத ஆஸ்துமா உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் வர வேண்டாம்.

பைக்குள்

ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகை செல்சியஸாவது குளிர் கூடும், அதோடு உச்சியில் காற்று. ஏறும்போது வியர்த்து ஊற்றும், நின்ற உடனே அந்த ஈரமே உங்களை நடுங்க வைக்கும். ஆகவே பையில் இருக்க வேண்டிய முதல் சாமான் ஒரு காய்ந்த பனியன், ஈரம் படாமல் சுற்றி வைத்தது. அப்புறம் ஸ்வெட்டர், காற்றைத் தடுக்கிற ஒரு மேற்சட்டை, காதை மூடும் தொப்பி. உச்சியில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், தரை ஐஸ் மாதிரி இருக்கும், அதனால் தடித்த காலுறை ஒரு சோடி கூடுதலாக. தலையில் மாட்டுகிற டோர்ச் இருந்தால் இரண்டு கையும் கம்பியைப் பிடிக்க மிஞ்சும். ஒரு லீற்றர் தண்ணீர், உடம்பில் நீர் வற்றாமல் இருக்கக் கரைத்துக் குடிக்கிற ஜீவனி ஒரு பக்கற், ரொட்டியும் கட்டச் சம்பலும், கொஞ்சம் பேரீச்சம்பழம். வலிக்குத் தேய்க்கச் சித்தாலேப டப்பா ஒன்று, அதை மறந்தால் வீட்டில் இருக்கிற ஆச்சியே ஞாபகப்படுத்திவிடுவார்.

பொலித்தீன் கொண்டுபோகாதீர்கள். இந்தக் காடு 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. களனி, களு, வளவை எல்லாம் இந்தப் பக்கத்து மலைகளிலிருந்துதான் புறப்படுகின்றன. நீங்கள் போடும் பிஸ்கட் உறை ஓடையில்தான் போய் விழும், அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே இருக்கிற சனம் குடிக்கிறது.

நல்லதண்ணியில்

ஹட்டனுக்கு வந்து, டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் ஓரமாக நல்லதண்ணி. பருவத்தில் ஹட்டனிலிருந்து நேர் பஸ் இருக்கும், மற்ற நாளில் மஸ்கெலியாவில் மாறுங்கள். மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே மலையை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறரைக்குச் சாப்பாடு, ஏழரைக்குப் படுக்கை. தூக்கம் வராவிட்டாலும் படுத்தே இருங்கள்.

ஏற்றம்

வாரநாள் என்றால் அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்படுங்கள். சாதாரண ஆளுக்கு மூன்று மணி நேரம், மெதுவாக ஏறுகிறவருக்கு மூன்றரை. பன்னிரண்டு மணிக்கே கிளம்பி நான்கு மணிக்கு உச்சியில் போய் உட்கார்ந்து குளிரில் விறைக்கிறவர்கள் நிறையப் பேர். சீக்கிரம் போனால் நல்லது என்பது இந்த மலையில் சரிப்படாது.

தொடக்கத்தில் தேயிலைக்கு நடுவே வழி இலகுவாகப் போகும், வலிமை நிறைய இருக்கிற மாதிரித் தோன்றும், அதை நம்பி ஓடாதீர்கள். மகர தோரணத்தைக் கடந்தால் ஜப்பானிய பௌத்தர்கள் கட்டிய வெள்ளைத் தாதுகோபுரம் வரும், அப்புறம் சீதகங்குல ஆறு. யாத்திரிகர்கள் அங்கே குளித்துவிட்டு ஏறுவார்கள், நீங்கள் முகம் கழுவினால் போதும், நனைந்த உடம்போடு மேலே போகப் பழக்கம் வேண்டும். இந்திகட்டுப்பான என்ற இடத்தில் ஊசியும் நூலும் வைத்துக் கும்பிடுவார்கள், புத்தர் தன் கிழிந்த ஆடையைத் தைத்துக்கொண்ட இடம் என்பது நம்பிக்கை.

படி ஏறும் முறை இது: சின்ன அடி, முழுப் பாதமும் படியில், பேச்சுத் திணறாத வேகம். கூட வருகிறவரோடு ஒரு வசனம் முழுதாகப் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம், குறையுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு நிமிடம் நின்று மூச்சு வாங்குங்கள், உட்கார வேண்டாம், உட்கார்ந்தால் தொடை இறுகிவிடும். படிகளின் உயரம் ஒன்றுக்கு ஒன்று மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே கண் படியில் இருக்கட்டும். பாதிக்கு மேல் செங்குத்தாகி, கடைசியில் கம்பியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அந்தக் கடைசி ஏற்றத்துக்குக் கொஞ்சம் முன்னால் திறந்திருக்கிற கடையில் நில்லுங்கள், பிளேன்டீ குடியுங்கள், ஈரப் பனியனை மாற்றுங்கள். ஐந்து, ஐந்தேகாலுக்கு அங்கிருந்து கிளம்பினால் நேரம் சரியாக இருக்கும்.

உச்சியில்

சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போங்கள். இந்துக்களுக்கு இது சிவனின் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தரின் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதமின் பாதம். புனித தோமையாருடையது என்று சொல்லும் கிறிஸ்தவ மரபும் உண்டு. இபுனு பதூதா 1344இல் இங்கே ஏறியிருக்கிறார், அப்போதே ஏறுவதற்குச் சங்கிலி இருந்ததாக எழுதியிருக்கிறார். எத்தனை தடவை ஏறினீர்களோ அத்தனை தடவை மணியை அடிக்கலாம். உங்களுக்கு ஒன்று.

மாதத்தைப் பொறுத்து ஆறுக்குக் கொஞ்சம் முன்பிலிருந்து ஆறரைக்குள் சூரியன் வரும். எல்லாரும் கிழக்கே பார்த்துக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். நீங்கள் முதல் கதிரைப் பார்த்ததும் திரும்பி எதிர்ப்பக்கம் போய்விடுங்கள். மேற்கே, மேகத்தின் மேலோ தாழ்ந்த நிலத்தின் மேலோ, மலையின் நிழல் நேர்த்தியான முக்கோணமாக விழும். கொஞ்ச நேரம்தான், சூரியன் ஏற ஏற அது சுருங்கி மலையடிக்கு வந்துவிடும். மலையின் உருவம் எப்படி இருந்தாலும் அத்தனை தூரம் விழும் நிழல் கூம்பித்தான் தெரியும், தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வதாகக் கண்ணுக்குத் தெரிகிறதே, அதே காரணம்தான். காரணம் தெரிந்தும் அதைப் பார்க்கிறபோது எனக்குக் கை கூப்பத்தான் தோன்றுகிறது.

இறக்கமும் அந்த இரவும்

ஏழரைக்குள் இறங்கத் தொடங்குங்கள், வெயில் ஏறினால் படிகள் சுடும். முழங்காலை விறைப்பாக வைக்காமல் லேசாக மடக்கி, உயரமான படிகளில் பக்கவாட்டில் திரும்பி, கம்பி இருக்கும் இடத்தில் கம்பியில் பாரத்தைக் கொடுத்து இறங்குங்கள். குதிக்காதீர்கள்.

இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. அதில் தசை இழைகளுக்கு நுண்ணிய சேதம் வரும். அந்த வலி அன்றைக்கே தெரியாது. மறுநாள் காலையில்தான் எழுந்து நிற்க முடியாமல் வரும், இரண்டு மூன்று நாள் இருக்கும். இப்போது புரியும், வெந்நீரை ஏன் மறுநாளுக்கு வைக்கச் சொன்னேன் என்று. கால் நன்றாக இறுகியிருக்கிற நேரத்தில்தான் சூட்டின் சுகம் முழுதாகக் கிடைக்கும். சேதத்தை வெந்நீர் சரிசெய்துவிடாது, ஆனால் இறுக்கம் தளர்ந்து நடை திரும்பும். இன்னொரு காரணம், ராத்திரி முழுக்க விழித்தவர் அன்றே மலைப்பாதையில் வண்டி ஓட்டக் கூடாது. வான் சாரதி உங்களோடு ஏறியிருந்தால் அவருக்கும் இது பொருந்தும்.

குளித்துச் சாப்பிட்டு, மத்தியானம் ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா, வெலிமடை வழியாகப் பதுளைக்குப் போய்த் தங்குங்கள். மழை பெய்திருந்தால் பாதை திறந்திருக்கிறதா என்று ஹட்டனிலேயே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மகாஓயா

மறுநாள் பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா. எல்லாம் ஒரே ஏ5 பாதைதான், குளிர் மெல்லக் கழன்று வெக்கை ஏறுவது உடம்பிலேயே தெரியும்.

எரிமலை இல்லாத நாட்டில் இந்தச் சூடு எங்கிருந்து? மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாகக் கிலோமீற்றர் கணக்கில் கீழே போகிறது, பூமிக்குள் ஆழம் போகப் போகச் சூடு கூடுகிறது, அங்கே காய்ந்த தண்ணீர் வேறு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. நாட்டின் வெந்நீர் ஊற்றுகள் பெரும்பாலும் மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் கிழக்குப் பாறைத் தொகுதியும் சந்திக்கிற எல்லையை ஒட்டித்தான் இருக்கின்றன, அம்பாந்தோட்டைப் பக்கத்து மகாபெலஸ்ஸவிலிருந்து திருகோணமலை வரை.

பத்தூரில் போலக் குளத்தில் இறங்கிக் கிடக்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். இங்கே கட்டி எழுப்பிய கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சூடு. சிலவற்றில் 50 பாகைக்கும் மேல், கையை வைத்தால் வெந்துவிடும். இரண்டு வாளி, ஒரு செம்பு, கால் வைக்க அகலமான ஒரு பேசின் கொண்டுபோங்கள். சூட்டுத் தண்ணீரை மொண்டு, ஆறிய தண்ணீரைக் கலந்து, முழங்கையை விட்டுப் பாருங்கள், பொறுக்கிற சூடு வந்த பிறகு காலில் ஊற்றுங்கள். முதலில் பாதம், பிறகு முழங்கால், தொடை, இடுப்பு, கடைசியில் தோள். அப்புறம் பேசினில் காலை வைத்துப் பத்து நிமிடம் சும்மா இருங்கள், கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாகப் பிடித்துவிடுங்கள். திரும்ப ஒரு சுற்று. மொத்தம் இருபது நிமிடம் போதும், தலை சுற்றினால் உடனே நிழலுக்கு வந்து உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள்.

ஆண்கள் சாரம், பெண்கள் குறுக்குக்கட்டு அல்லது பழைய சுடிதார். சவர்க்காரம் வேண்டாம். கொப்புளம் உடைந்த காலை அந்தத் தண்ணீரில் வைக்காதீர்கள், மூக்குக்குள் தண்ணீர் போக விடாதீர்கள். சீனி வருத்தத்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டைத் தாங்களே பார்த்து முடிவு செய்யக் கூடாது, கூட வந்தவர் பார்த்துச் சொல்லட்டும். கர்ப்பிணிகளும் இதய வருத்தக்காரர்களும் வெதுவெதுப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

காலையில் எட்டு எட்டரைக்குள் போய்விடுங்கள். பதினொரு மணி வெயிலில் வெந்நீர் வேதனை. பதுளையிலிருந்து அதற்கு விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும், அது முடியாதவர்கள் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் போகலாம். திரும்ப மலைநாட்டுக்கு வர மனமில்லாதவர்கள் அதே பாதையில் கிழக்கே போனால் செங்கலடி, அங்கிருந்து மட்டக்களப்பு பக்கம்தான். கொழும்புக்கு ரயில் அங்கிருந்தே எடுக்கலாம், கால் நீட்டி உட்கார இடம் கிடைக்கிற மாதிரி ஆசனத்தை முன்பே பதிந்துவையுங்கள்.