கொளத்தூர் மீன் தொட்டியில் மியூவான் பார்க்கலாம்

பிளஸ் டூ முடித்து, பி.எஸ்சி., எம்.எஸ்சி. படித்து, ஜெஸ்ட் நுழைவுத் தேர்வு எழுதிச் சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் துகள் இயற்பியல் ஆய்வுக்குச் சேர ஐந்தாறு வருஷம் ஆகும். மியூவான் (விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் நுண்துகள்) போன்ற துகள் போன தடத்தைக் கண்ணால் பார்க்க அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். துகள் போன வழியில் ஆல்கஹால் ஆவி நுண்துளிகளாகி வெண்கோடாகத் தெரியும் பெட்டிதான் முகிலறை (cloud chamber); அதை ஒரே மாலையில் வீட்டிலேயே செய்துவிடலாம். 1932-இல் கார்ல் ஆண்டர்சன் பாசிட்ரானை (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) கண்டதும் முகிலறைப் படத்தில்தான்.

30 × 20 செ.மீ. கண்ணாடித் தொட்டி கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும். அதைவிடச் சுற்றிலும் 2 செ.மீ. பெரிதாக, 3 மி.மீ. கனத்தில் அலுமினியத் தகடு வெட்டி வாங்குங்கள். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். தொட்டியின் அடிப்பாகம்தான் கவிழ்த்த பிறகு கூரை. அதன் உட்புற ஓரங்களில் தடித்த கம்பளிப் பட்டை வேண்டும். பசை போட்டால் ஆல்கஹால் இளக்கிவிடும். கண்ணாடிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாகக் காந்தம் வைத்துப் பிடிக்கவையுங்கள்.

ஆல்கஹால்தான் பலர் தவறுகிற இடம். செல்போன் போர்டு கழுவுகிற 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலே வேண்டும்; ரிச்சி தெருவில் கேளுங்கள். சானிடைசரில் தண்ணீர் கலந்திருப்பதால் தகட்டில் வெள்ளையாகப் பனி படிந்து தடத்தை மறைத்துவிடும். 50 மி.லி. ஊற்றிப் பட்டையை நனைத்துவிடுங்கள், சொட்டக் கூடாது.

டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) 3 கிலோ, கடைசியாக, அன்றைக்கே வாங்குங்கள். −78 டிகிரியில் இருப்பது. தடித்த கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். இறுக மூடிய பாத்திரத்தில் வைத்தால் வெடிக்கும். ஏசி அறையானாலும் கதவு சற்றுத் திறந்திருக்கட்டும். பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் எரியக் கூடாது.

தெர்மாகோல் தட்டில் டிரை ஐஸை 3 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, தகட்டைக் கறுப்புப் பக்கம் மேலாக, மட்டமாக வையுங்கள். தொட்டியைக் கவிழ்த்து, ஓரத்தைப் பிசைந்த மைதா மாவால் அடைத்துவிடுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில், தகட்டை ஒட்டியபடி அடியுங்கள். முதலில் மெல்லிய தூறல் விழும். 10–15 நிமிஷத்தில் தகட்டுக்கு மேல் ஓரிரு செ.மீ. உயரத்தில் நூலிழைபோல வெண்கோடு ஒன்று சட்டென்று தோன்றி, நெளிந்து கலைந்து கீழே உதிரும்.

அரை மணி கழித்தும் தூறல் மட்டும்தான் என்றால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது தகடு ஐஸில் சரியாகப் படியவில்லை. ஆல்கஹால் நன்றாக ஆவியாகட்டும் என்று சிலர் தொட்டிக்கு மேலே வெந்நீர் வைப்பார்கள்; அந்த வேலை நம் ஊர் வெயிலுக்குத் தேவைப்படாது. ஆனால் ஈரக்காற்றில் கண்ணாடியின் வெளிப்புறம் வியர்த்துக்கொண்டே இருக்கும், துடைத்துக்கொண்டே இருங்கள்.

தடித்து, நான்கைந்து செ.மீ. நீளத்தில் வருவது காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு விடும் ஆல்ஃபா துகள். நீண்டு நேராக, மெலிதாக ஓடுவது பெரும்பாலும் மியூவான். சுருண்டு வளைவது ஆற்றல் குறைந்த எலக்ட்ரான். கடல்மட்டத்தில் சதுர செ.மீ.க்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் என்றால், இந்தத் தொட்டியில் 600 வர வேண்டும். அத்தனை தெரியாது: பெரும்பாலானவை மேலிருந்து செங்குத்தாக இறங்குவதால், மெல்லிய முகில் அடுக்கில் ஒரு புள்ளியாகவே முடிந்துவிடும். சாய்ந்து வருபவைதாம் கோடு போடும்.

அந்தக் கோடுகளை ஐந்தைந்து நிமிஷமாக எண்ணி நோட்டில் எழுதுங்கள். 100 எண்ணினால் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம், அதாவது பிழை, அதன் வர்க்கமூலமான 10. அடுத்த முறை 108 வந்தால் மியூவான் கூடிவிட்டது என்று எழுதக் கூடாது. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் நேரத்தையும் ஐஸ் எவ்வளவு மிச்சம் என்பதையும் குறித்துவையுங்கள். ஐஸ் கரையக் கரையத் தடங்கள் குறைவது மியூவான் குறைந்ததால் அல்ல.