செம்பனை ஆலையிலிருந்து அடுத்த வேலைக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பாடாங் செராய் போன்ற தோட்டப்புற நகரத்தில் இருப்பவர், புதிய திறனைத் தேடுமுன் கையிலுள்ள திறனைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். செம்பனை ஆலையில் கொதிகலனையும் மின்மோட்டாரையும் பல ஆண்டுகள் கவனித்தவர் "எனக்குப் படிப்பில்லை" என்று சொல்வது தவறு. அவரிடம் இல்லாதது சான்றிதழ் மட்டுமே. மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழை, முழுநேர வகுப்புக்குச் செல்லாமலே, முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் பி.பி.தி. முறையில் பெற வழியுண்டு. அதற்கு உங்கள் வேலை அனுபவத்தைக் காட்டும் ஆவணக் கோப்பே ஆதாரம் என்பதால், பழுதுபார்த்த இயந்திரத்தின் படம், பணிப் பதிவேடு, மேற்பார்வையாளரின் கடிதம் ஆகியவற்றை இன்றிலிருந்தே தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். (ஆலையில் படமெடுக்க அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.)

அருகிலுள்ள கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. அங்குள்ள தொழிற்சாலைகளை எண்ணிப் பார்த்தால், மோட்டாரை அறிந்தவர் அடுத்துக் கற்க வேண்டியது அதை இயக்கும் பி.எல்.சி. எனும் நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவியும் சென்சார்களுமே. எடுத்தவுடன் செயற்கை நுண்ணறிவு வகுப்புக்குப் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மனிதவள அமைச்சின் கீழுள்ள பயிற்சி நிறுவனமான எச்.ஆர்.டி. கோர்ப்பின் இ-லாத்தே இணையக் கற்றல் தளத்தில் இலவசப் பாடங்கள் உள்ளன. ஷிப்டு முடிந்த களைப்பில் இரண்டைத் தொடங்கி இரண்டையும் கைவிடாமல், ஒன்றை முடித்து அதன் சான்றிதழைக் கோப்பில் சேர்த்த பின்னரே அடுத்ததைத் திறங்கள்.