பூட்டிய வீட்டில் குழாய் உறையாமல் இருக்க: கிளம்பும் முன் என்ன செய்வது

கடுங்குளிரில் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு வாரம் வெளியூர் போனால், பாதி மனசு அந்த வீட்டுக் குழாய்களிலேயேதான் கிடக்கும். இந்தக் கவலையில் முக்கால்வாசியைத் தீர்ப்பது, வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் மெயின் வால்வு. மற்ற வேலைகளுக்கு நேரமில்லாவிட்டாலும் அதை மட்டும் மூடாமல் கிளம்பக் கூடாது.

தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. ஆனால் பனிக்கட்டி குழாயின் சுவரை நெட்டுவதால்தான் வெடிக்கிறது என்று நினைத்தால் தவறு. கட்டி வளர வளர, அதற்கும் மூடியிருக்கும் டேப்புக்கும் நடுவில் சிக்கிய தண்ணீருக்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், எங்கே பலம் குறைவோ அங்கே பிளக்கிறது. அதனால் உறைந்த இடம் ஒன்று, கிழிந்த இடம் வேறு என்று இருக்கும். கிழிந்ததும் வெளியே தெரியாது. பனிக்கட்டியே அடைப்பான் மாதிரி நிற்கும். குளிர் தணிந்து கட்டி உருகும் அன்றுதான் வெள்ளம். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தாலே ஒரு நாளில் 14,400 லிட்டர். கிழிந்த குழாயை மாற்றுவது சின்ன வேலை. ஊறிப்போன தரையையும் சுவரையும் மாற்றுவதுதான் ஆளைச் சாய்க்கும்.

மெயின் வால்வு பெரும்பாலும் மீட்டருக்குப் பக்கத்தில், தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும். நீளமான கைப்பிடி இருந்தால் அது பால் வால்வு: கைப்பிடி குழாயோடு ஒரே திசையில் நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. வட்டச் சக்கரம் இருந்தால் அநேகமாக கேட் வால்வு. சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பல வருடம் தொடாமல் கிடந்தால் உள்ளே உப்பும் துருவும் படிந்து, கடைசிவரை திருகினாலும் முழுசாக மூடாது. ஸ்பானர் போட்டு முறுக்கினால் தண்டு ஒடிந்து, இருந்ததும் போய்விடும். மூடிவிட்டு வீட்டிலேயே தாழ்வான டேப்பைத் திறந்து பாருங்கள். குழாயில் தேங்கியது வடிந்த பிறகும் விடாமல் ஒழுகினால் வால்வு பிடிக்கவில்லை. குளிர்காலத்துக்கு முன்பே பிளம்பரைக் கூப்பிட்டு பால் வால்வாக மாற்றிவிடுவது நல்லது.

மூடுவதற்கு முன் இரண்டு எச்சரிக்கை. தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் அதே இணைப்பில் இருந்தால், விவரம் தெரிந்தவரைக் கேட்காமல் மூடக் கூடாது. சுடுதண்ணீர் ஓடும் ரேடியேட்டர் வைத்த வீடு என்றால், அழுத்தம் குறையும்போது பாய்லர் மெயினிலிருந்துதான் தண்ணீர் எடுத்துக்கொள்கிறதா என்று பராமரிப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில நாள் பயணம் என்றால், வீட்டைச் சூடாக வைக்கும் ஹீட்டிங்கை அணைக்க வேண்டாம். 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறக்கவும் வேண்டாம். ஹீட்டிங்கைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் காட்டுவது அது மாட்டியிருக்கும் இடத்தின் வெப்பம்தான். வெளிச்சுவரை ஒட்டிய சமையலறை சிங்க்கின் அலமாரிக்குள் அதைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கலாம். அந்த அலமாரிக் கதவுகளையும் அறைக் கதவுகளையும் திறந்து வையுங்கள். கார் ஷெட் வழியாகக் குழாய் போனால் அதன் கதவை மூடி வையுங்கள். குழாய்க்கு உறை சுற்றியிருப்பதை நம்பிவிடக் கூடாது. உறை சூட்டை உண்டாக்காது, இருக்கும் சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். டேப்பைச் சொட்டவிட்டுப் போவதும் ஆள் இருக்கும் வீட்டுக்கான வைத்தியம். காலி வீட்டில் கழிவுக்குழாய் உறைந்தால் சிங்க் நிரம்பி வழியும்.

நீண்ட பயணம், அல்லது ஹீட்டிங்கே ஓடாது என்றால், குழாய்களைக் காலி செய்துவிட வேண்டும். வரிசை முக்கியம். முதலில் வாட்டர் ஹீட்டரின் மின்சாரத்தையோ கேஸையோ அணையுங்கள். தண்ணீர் இல்லாத தொட்டியில் மின்சாரம் பாய்ந்தால், தண்ணீரைச் சுடவைக்கும் எலிமென்ட் எரிந்துவிடும். பிறகு மெயினை மூடி, மேல்மாடி டேப்புகளைத் திறந்து, கடைசியாகக் கீழ்த்தளத்தில் தாழ்வான டேப்பைத் திறங்கள். மேலே காற்று நுழைந்தால்தான் கீழே தண்ணீர் வடியும். ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் டேப்பை நடுவில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் தள்ளினால் சுடுதண்ணீர்க் குழாயோ பச்சைத் தண்ணீர்க் குழாயோ ஒன்று நிறைந்தபடியே இருக்கும். கைஷவரைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கீழே தொங்கவிடுங்கள். ஃப்ளஷ் டேங்கைக் காலி செய்யுங்கள். வாஷிங் மெஷினின் பின்பக்க ஹோஸைக் கழற்றி வடியுங்கள். ஹீட்டர் தொட்டியில் இருப்பது கொதிநீர். ஆறவிட்டுப் பிறகு அடிவால்வில் ஹோஸ் மாட்டி வெளியேற்றுங்கள். தோட்டத்து டேப்பில் ஹோஸ் மாட்டியபடி விட்டால், குளிர் தாங்கும் டேப்பும் பிளந்துபோகும். சிங்க் அடைப்பான்களை எடுத்துவிட்டு, எல்லா டேப்பையும் திறந்தபடியே விட்டுப் போங்கள்.

மறக்கப்படுவது சிங்க்குக்குக் கீழே வளைந்திருக்கும் கழிவுக்குழாய். அங்கே தேங்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறது, அதனால் காலி செய்யக் கூடாது. உறையவும் விடக் கூடாது. குடிநீர்க் குழாய்களுக்கென்று விற்கும் புரொப்பிலீன் கிளைக்கால் உறைதடுப்பானை ஒவ்வொரு சிங்க்கிலும் குளியலறை வடிகாலிலும் ஒரு டம்ளர், டாய்லெட்டில் அரை முதல் ஒரு லிட்டர் வரை ஊற்றுங்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற எத்திலீன் கிளைக்கால் விஷம். அது வேண்டவே வேண்டாம்.

தொலைவிலிருந்து பார்க்க ஒரு வெப்ப சென்சார் போதும், ஆனால் ஹாலில் வைத்தால் பயனில்லை. வீட்டிலேயே குளிரான மூலையில், குழாய்க்குப் பக்கத்தில் வைத்து 7 டிகிரியில் எச்சரிக்கும்படி அமையுங்கள். கரண்ட் போனால் ஹீட்டிங்கும் நிற்கும், வைஃபை ரவுட்டரும் நிற்கும். எச்சரிக்கை வர வேண்டிய நேரத்தில்தான் சென்சார் ஊமையாகும். தொடர்பு அறுந்தாலே செய்தி அனுப்பும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது ரவுட்டருக்கு ஒரு யுபிஎஸ் வையுங்கள். அதைவிட நம்பகமானது சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர். மெயின் வால்வு எங்கே, எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று ஒரு நிமிட வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டுப் போங்கள். உறை இல்லாத குழாய் குளிரான இடத்தில் இருந்தால், வெளியே மைனஸ் 7 டிகிரி என்று அறிவிப்பு வந்ததுமே அவருக்கு ஒரு போன் போடலாம்.

திரும்பி வந்ததும் மெயினில் கை வைக்காதீர்கள். சுவர், கூரை, சிங்க் அலமாரி எல்லாவற்றிலும் ஈரமோ குழாயில் புடைப்போ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு டேப்புகள் திறந்திருக்கும்படியே மெயினைக் கால்வாசி மட்டும் திறந்து, காது கொடுத்துக் கேளுங்கள். சுவருக்குள் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தால் உடனே மூடுங்கள். எங்காவது இன்னும் உறைந்திருந்தால், அந்த டேப்பைத் திறந்து வைத்து, டேப் பக்கத்திலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கி ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். உருகும் தண்ணீருக்கு வெளியேற வழி இருக்கும். தீச்சுடர் காட்டவே கூடாது. காற்று ‘புஸ் புஸ்’ என்று துப்பி முடிந்து, சுடுதண்ணீர் டேப்பில் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் ஹீட்டர் சுவிட்சைப் போட வேண்டும்.